ஃபவுலிங்: மாசா, பற்றா?

துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகிறவர்கள் பிஸ்டலைத் துடைக்க உட்கார்ந்தால் ‘பேரல்ல ஃபவுலிங் ஏறிடுச்சு’ என்பார்கள். சுடும்போது குழலின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இதைத் தமிழில் எழுதுகிறவர்கள் அகராதியைப் பார்த்து ‘மாசு’ என்று போட்டுவிடுகிறார்கள். அந்தச் சொல் இங்கே பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆங்கிலச் சொல்லின் வேர் ‘ஃபவுல்’. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஃபூல்’. அழுகியது, நாறுவது என்று பொருள். நாற்றத்தைக் குறிக்கும் சமஸ்கிருதப் ‘பூதி’யும் இதே குடும்பம். கரி, கந்தகம், வெடியுப்பு சேர்ந்த கரும்பொடியைச் சுட்ட காலத்துக்கு இந்தச் சொல் நன்றாகவே பொருந்தியது. அந்தப் பொடி எரிந்தால் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகக் குழலிலும் புகையிலும் மிஞ்சும். தண்ணீர் விட்டுக் கழுவினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 1884இல் பிரான்சில் பால் வியேய் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கிய பிறகு அந்த நாற்றமும் அந்த அளவு கரியும் போயின. சொல் மட்டும் தங்கிவிட்டது.

இன்று அந்த ஒரே சொல் மூன்று வெவ்வேறு பொருள்களைச் சுமக்கிறது. முதலாவது கரி. இலக்குச் சுடுதலுக்காகக் கையால் நிரப்பும் தோட்டாக்களில் மருந்தைக் குறைத்தே போடுவார்கள். அழுத்தம் குறைவதால் தோட்டாவின் பித்தளை உறை விரிந்து, அது அமரும் அறையின் சுவரை இறுக அடைப்பதில்லை. வாயு பின்னோக்கிக் கசிந்து உறையின் வெளிப்புறமே கறுத்துவிடும். கரியைக் கரைப்பான் நனைத்த துணியும் தூரிகையும் எடுத்துவிடும்.

இரண்டாவது காரீயம். மேலே செம்பு உறை போர்த்தாத ஈயக் குண்டு, குழலின் உட்சுவரில் திருகுபோல வெட்டிய புரிப்பள்ளத்தைவிடச் சிறுத்திருந்தால், சூடான வாயு அதன் பக்கவாட்டில் பீறிட்டு ஈயத்தை அரித்துக் குழலில் அப்பிவிடும். விளக்கைப் பிடித்துப் பார்த்தால், பெரும்பாலும் அறைப்பக்கம், புரிகளின் ஓரமாகச் சாம்பல் நிறக் கோடுகள் தெரியும். இது கரைப்பானுக்கு எளிதில் அசையாது. தூரிகையில் செம்புக் கம்பி வலையைச் சுற்றித் தேய்த்தால் வெள்ளிச் சீவல் போல உரிந்து வரும். ஆனால் தேய்ப்பதால் நோய் தீராது. புரிப்பள்ளத்தின் விட்டத்தை அளந்து, அதைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பெரிதான குண்டைப் போட்டால் பெரும்பாலும் அடங்கும். காரீயம் நஞ்சு என்பதால் கையைக் கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

மூன்றாவது, செம்பு உறையிட்ட குண்டுகள் விட்டுச் செல்லும் செம்பு. அம்மோனியா கலந்த கரைப்பானைத் தொட்ட துணி நீலமாக வெளிவந்தால் உள்ளே செம்பு இருக்கிறது. நான் ஒரு முறை மாலை முழுக்கத் தேய்த்தும் நீலம் நிற்கவில்லை. குழலில் செம்பே மிஞ்சியிருக்கவில்லை. என் வெண்கலத் தூரிகைதான் கரைந்துகொண்டிருந்தது. நைலான் தூரிகைக்கு மாறியதும் அடுத்த துணி வெள்ளையாக வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? செம்புக்குக் ‘களிம்பு’ உண்டே என்று தோன்றும். ஆனால் களிம்பு செம்பிலேயே விளைவது. சைவ சித்தாந்தத்தில் ஆணவத்துக்கு அதை உவமை சொல்வதும் அதனால்தான். துருவும் அப்படியே, இரும்பிலிருந்து பிறப்பது. குழலில் இருப்பதோ வெளியிலிருந்து வந்து ஒட்டியது. ‘கிட்டம்’ இரும்பை உருக்கும்போது பிரிவது. ‘கசடு’ அடியில் தங்குவது. ‘படிவு’ பரவாயில்லை, ஆனால் படிவது மெல்ல வந்து அமர்வது, இங்கே ஈயம் சூட்டோடு ஒட்டிக்கொள்கிறது.

எனக்கு மனம் நிறைந்த சொல் ‘பற்று’. ஒட்டிக்கொண்டது எதுவும் பற்றுதான். சோறு காய்ந்து ஒட்டிய பாத்திரத்தைப் ‘பத்துப் பாத்திரம்’ என்கிறோமே, அதே பற்று. உலோகத்தோடு உலோகத்தை ஒட்டுவதைப் ‘பற்றவைப்பது’ என்கிறோம். கரிப்பற்று, ஈயப்பற்று, செம்புப்பற்று என்று பிரித்துச் சொன்னால், எதைக் கொண்டு எடுப்பது என்பதும் சொல்லிலேயே தெரிந்துவிடும். பேரலுக்குத் ‘குழல்’ இருக்கவே இருக்கிறது. பிஸ்டல் என்ற பெயரே, ஊதுகுழலைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து.

‘மாசு’ கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நன்றாகத் துடைத்து எண்ணெய் விட்ட குழலில் முதல் சில குண்டுகள் வழக்கமான இடத்தில் விழாமல் போகலாம். அதனால் போட்டிக்கு முன் எண்ணெயைத் துடைத்துவிட்டுச் சிலவற்றைச் சுட்டு, குழலில் மெல்லிய பூச்சு ஏற விடுவார்கள். ஆங்கிலத்தில் அது ‘ஃபவுலிங் ஷாட்’. அதை ‘மாசு வெடி’ என்றால் வேண்டுமென்றே செய்வதைக் குற்றமாக்கிவிடுகிறோம். ‘பற்றேற்றும் வெடி’ என்றால் நடப்பது அப்படியே சொல்லில் வந்துவிடுகிறது.