கோகோவுக்குச் சேலம், சாக்லேட்டுக்கு ஏற்காடு

கோகோ மரத்துக்கு 15 டிகிரிக்குக் கீழே போகும் குளிர் ஆகாது. காபி செழிக்கும் ஏற்காட்டின் 1,500 மீட்டர் உயரத்தில் அது தேறாது. கீழே ஆத்தூர், வாழப்பாடிப் பக்கத்துப் பாக்குத் தோப்பு நிழல்தான் அதற்குத் தோது; பாசனம் மட்டும் தவறக்கூடாது. ஆனால் அதே விதையைச் சாக்லேட்டாக வார்க்கும்போது சேலத்துச் சித்திரை வெயில் காரியத்தைக் கெடுத்துவிடும். விதை பக்குவப்படச் சூடு வேண்டும். சாக்லேட் உறையக் குளிர்ச்சி வேண்டும்.

பச்சைக் காய் மஞ்சளானதும் கத்தரியால் காம்பை வெட்டி எடுக்க வேண்டும். முறுக்கிப் பிடுங்கினால் தண்டிலுள்ள முண்டு பெயர்ந்துவிடும். அடுத்த பூ வருவதும் அந்த முண்டில்தான். பழத்தைக் கத்தியால் பிளக்காமல் கட்டையில் அடித்து உடைப்பது நல்லது. வெட்டுப்பட்ட விதையில் பூசணம் எளிதாக ஏறும். ஒரு பழத்தில் 30 முதல் 45 விதைகள், புளிப்பும் இனிப்புமான வெள்ளைச் சதையோடு இருக்கும்.

அடுத்து வரும் புளிப்பேற்றுதலில்தான் சாக்லேட்டின் தலையெழுத்தே இருக்கிறது. புளிக்காத விதையை எப்படி வறுத்தாலும் சாக்லேட் மணம் வராது. ஏற்காட்டுத் தோட்டங்களில் காபியைப் புளிக்க விடுவது மேலே ஒட்டிய வழவழப்பைக் கழற்றத்தான், கழன்றதும் கழுவிவிடுவார்கள். கோகோவில் நோக்கமே வேறு: விதையின் உயிரை அடக்க வேண்டும்.

ஈர விதையை அடியில் துளையிட்ட மரப்பெட்டியில் கொட்டி, வாழையிலையும் கோணிச்சாக்கும் போட்டு மூடுகிறார்கள். முதலில் ஈஸ்ட் சதையின் சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும். சதை கரைந்து வடிய, குவியலுக்குள் காற்று புகும். பிறகு வேறு நுண்ணுயிர்கள் அந்தச் சாராயத்தை அசிட்டிக் அமிலமாக்கும். அப்போது எழும் வெப்பம் 45 முதல் 50 டிகிரி வரை போகும். இந்த அமிலமும் சூடும் சேர்ந்து முளைக்கருவைக் கொல்கின்றன. உள்ளே அறைகள் உடைந்து, நொதிகள் புரதத்தையும் சர்க்கரையையும் சிறு துண்டுகளாக நறுக்கும். வறுக்கும்போது மணமாக மாறப்போவது இவைதான்.

மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் கிளறி, ஆறாம் நாள் எடுத்துவிடலாம். குவியல் 50 கிலோவுக்குக் குறைந்தால் சூடு நிற்பது கடினம். கிளறாமல் விட்டால் ஓரத்து விதை பச்சையாகவே நிற்கும். நாள் கடந்தால் அழுகல் நெடி வரும். காய்ந்தபின் சில விதைகளை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் உள்ளே பிளவுகள் தெரிந்தால் சரி. ஊதா என்றால் அரைகுறை. சிலேட்டுப் பலகை நிறம் என்றால் புளிக்கவே இல்லை.

களத்தில் மெல்லப் பரப்பி, அடிக்கடி துழாவி, ஈரப்பதம் 7 சதவீதத்துக்கு வரும்வரை காய வைக்க வேண்டும். நல்ல வெயிலில் ஒரு வாரம் ஆகும். அவசரப்பட்டுச் சூடேற்றி உலர்த்தினால் தோல் இறுகி அமிலம் உள்ளேயே தங்கும், சாக்லேட் புளிக்கும். விறகுப் புகையும் படக்கூடாது, விதையின் கொழுப்பு வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

120 முதல் 140 டிகிரியில் சுமார் அரை மணி நேரம் வறுத்து, உடைத்து, புடைத்துத் தோலை நீக்கினால் பருப்பு கிடைக்கும். அதில் பாதிக்கு மேல் கொழுப்பு. சிறு அளவில் செய்பவர்களுக்கு நம் ஊர் கல் கிரைண்டரே போதும், நாள் முழுக்க ஓடத் தாங்கும் மோட்டார் இருந்தால். பருப்பைச் சூடாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். ஆறிய பருப்பைக் கொட்டினால் கல் சிக்கும். துகள் 20 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அளவுக்கு இறங்க 24 முதல் 48 மணி நேரம் பிடிக்கும். 30 மைக்ரானைத் தாண்டினால் நாக்கில் நறநறக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் பருப்போடு சேர்த்த சர்க்கரை ஒட்டிக்கொண்டு மொத்தமும் கெட்டியாகிவிடும். ஈரமான நாட்டுச் சர்க்கரை காலை வாருவது இங்கேதான். பால் சேர்ப்பதானால் பொடியாகத்தான் சேர்க்க வேண்டும்.

கடைசி வேலை கோகோ வெண்ணெயை, அதாவது பருப்பிலுள்ள கொழுப்பை, சரியான படிகமாக உறையவைப்பது. அது ஆறு விதமாக உறையும். நமக்கு வேண்டியது 34 டிகிரியில் உருகும் ஐந்தாவது வடிவம். சாக்லேட்டை 45 டிகிரிக்கு உருக்கி, கிளறியபடியே 27க்கு இறக்கி, 31 அல்லது 32க்கு ஏற்றி வார்க்க வேண்டும். 33ஐத் தாண்டினால் நல்ல படிகங்களும் கரையத் தொடங்கும், திரும்ப முதலிலிருந்து. வெளியே 38 டிகிரி கொளுத்தும்போது ஏசி இல்லாத அறையில் 27க்கு இறங்குவது எப்படி? இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் அந்தக் குளிர்ச்சி செலவில்லாமல் கிடைக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் மூடுபனியின் ஈரம் படாமல் உடனே காகிதத்தில் சுற்றிவிட வேண்டும்.

வெயிலில் இளகி மறுபடி உறைந்த சாக்லேட்டில் வெண்மை பூக்கும். விரலால் தேய்த்தால் மறைவது கொழுப்பு. திரும்ப உருக்கிப் பதப்படுத்தி வார்க்கலாம். சொரசொரப்பாக நிற்பது, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் படிந்த ஈரத்தில் கரைந்து காய்ந்த சர்க்கரை. அதைப் பாலில் கலக்கிக் குடித்துவிடுங்கள்.