சக்கரம் தரையைத் தொட்டதும் கையைத் தளர்த்தாதீர்கள்

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையில் எனக்கு அதிகம் பயம் தருவது, சக்கரம் தரையைத் தொட்டு மாணவர் ‘அப்பாடா’ என்று மூச்சு விடுகிற அந்த இரண்டு மூன்று நொடிகள்தான்.

போன மாதம் இப்படித்தான். இடதுபக்கத்திலிருந்து பத்து நாட் (மணிக்குச் சுமார் 18 கி.மீ.) அளவுக்குப் பக்கக் காற்று. மாணவர் இடது இறக்கையைத் தாழ்த்தி, வலது ரட்டரை (வாலில் உள்ள சுக்கானைத் திருப்பும் கால்மிதி) மிதித்து மூக்கை மையக்கோட்டுக்கு நேராகப் பிடித்து, இடது சக்கரம் முதலில் தொடும்படி அருமையாக இறக்கினார். அப்புறம் பார்த்தால் யோக்கை, அதாவது விமானத்தின் ஸ்டியரிங் மாதிரியான கைப்பிடியைப் பிடித்திருந்த கை மெல்ல நடுவுக்கு வந்துவிட்டது, அது அவருக்கே தெரியவில்லை. இடது இறக்கை எழும்பியது, மூக்கு இடதுபக்கம் திரும்பியது, பதறிப்போய் காரை ஒடிப்பது போல யோக்கை வலப்பக்கம் ஒடித்தார். அது இடது இறக்கையை இன்னும்தான் தூக்கும். கட்டுப்பாட்டை நான் வாங்கிக்கொண்டதால் ஒன்றும் ஆகவில்லை. தனியாக வந்திருந்தால் வலது இறக்கை முனை தரையில் உரசியிருக்கும்.

தரையில் ஓடும் விமானத்தின் வால், காற்றுத் திசைகாட்டியின் வால் மாதிரிதான்: காற்று அதைத் தள்ளும், மூக்கு காற்றை நோக்கித் திரும்பும். மூக்கை நேராக வைக்க வேண்டியது கால், இறக்கையை அமுக்கி வைக்க வேண்டியது கை. வேகம் குறையக் குறைய ஐலரானுக்கு (யோக் அசைக்கும், இறக்கையின் பின்னோரத் தகடு) வலு குறைவதால் யோக்கைக் காற்று வரும் பக்கம் மேலும் மேலும் திருப்பிக்கொண்டே போக வேண்டும், கடைசியில் முழுசாக. வால்சக்கர விமானத்தில் எடை மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், திரும்ப ஆரம்பித்தால் தானாகவே சுழன்றுவிடும், அங்கே இன்னும் கவனம்.

காற்றைக் கணக்குப் போட்டுத்தான் வர வேண்டும். ஓடுபாதை 27 (அதாவது 270 டிகிரி திசை), காற்று 300 டிகிரியிலிருந்து 20 நாட் என்றால் கோணம் 30, பக்கக் கூறு, அதாவது பக்கவாட்டில் தள்ளும் பங்கு, காற்றில் பாதி, 10. கோணம் 45 ஆனால் 14, 60 ஆனால் 17. செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தின் கையேட்டில் பக்கக் காற்றுக்கு 15 நாட் என்று இருப்பது சோதனை விமானி செய்து காட்டிய அளவு, தடை வரம்பு அல்ல. அதற்காக, ‘செஸ்னா தாங்கும்’ என்று சொல்லிக்கொண்டு இறங்காதீர்கள். தாங்க வேண்டியது உங்கள் கைப்பழக்கம்தான், புதிதாகத் தனியாகப் பறப்பவருக்கு நான் 7 நாட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை.

காற்று விட்டுவிட்டு அடித்தால், சாதாரணக் காற்றுக்கும் உச்ச வீச்சுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை அப்ரோச் வேகத்தில், அதாவது இறங்க நெருங்கி வரும் வேகத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

எந்தக் கணக்கையும் விட நம்பகமான சோதனை ஒன்று இருக்கிறது. தரைக்கு மேலேயே இறக்கையைத் தாழ்த்தி ரட்டரைக் கொடுத்துப் பாருங்கள். ரட்டரை முழுசாக மிதித்தும் மூக்கு நேராக நிற்கவில்லை என்றால் அந்தக் காற்றில் அந்த ஓடுபாதை வேண்டாம். வேறு ஓடுபாதை, இல்லையென்றால் வேறு விமான நிலையம். யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை. கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலேறுவது) போகும்போது முழு பவர் கொடுத்ததும் பெரும்பாலான ஒற்றை எஞ்சின் விமானங்களில் மூக்கு இடதுபக்கம் இழுக்கும், வலது கால் தயாராக இருக்கட்டும்.

அந்த மாணவர் மறுநாள் நான்கு முறை இறங்கினார். நான்காவது முறை ஓடுபாதையை விட்டு டாக்ஸிவேக்குத் திரும்பும்வரை யோக் முழு இடதிலேயே இருந்தது.