டீமன்: தமிழில் ஏவல்நிரல்

சுங்கை சிப்புட்டில் ஓர் அலுவலகத்தின் 3 சர்வர்களை நான் ஈப்போவிலிருந்து பார்த்துக்கொள்கிறேன். ஒன்று உறைந்துவிட்டால் மின்சாரத்தை அணைத்துப் போட வேண்டும். அதற்கென்று காரை எடுத்துக்கொண்டு ஓட முடியாது என்பதால், அங்கேயே ஒரு சின்னக் கணினியில், தூரத்திலிருந்தே மின்சாரத்தை அணைத்துப் போட உதவும் பவர்மேன் என்ற மென்பொருளை நிறுவியிருக்கிறேன். போன மாதம் அது பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. அங்கே வேலை பழகும் தம்பிக்குப் போன் போட்டு, “டீமன் ஓடுதா பாரு” என்றேன்.

“டீமன்னா பேய்தானே அண்ணே? இன்னும் ஓடலை. பூசாரியக் கூப்பிடவா?”

சிரித்து முடித்த பிறகு பார்த்தால் தப்பு என்னுடையது. அமைப்புக் கோப்பில் ஒரு மேற்கோள் குறியை மூடாமல் விட்டிருந்தேன். சரி, அது போகட்டும். தம்பி கேட்ட கேள்விக்கு வருவோம்.

பவர்மேன் இரண்டு துண்டாக இருக்கும். நாம் தட்டும் கட்டளை பவர்மேன். பின்னால் கண்மூடாமல் உட்கார்ந்திருப்பது பவர்மேன்டி. கடைசி ‘டி’தான் டீமன், அதாவது பின்னணியில் ஓயாமல் ஓடும் நிரல். எஸ்எஸ்ஹெச்டி, சிஸ்டம்டி என்று வரும் மற்ற நிரல்களின் பெயர்களிலும் அதே டி. பவர்மேன்டி 10101ஆம் போர்ட்டில், அதாவது கட்டளை வந்து சேரும் எண்ணிட்ட வாசலில், காத்திருக்கும். “இரண்டாவதை அணை” என்று சொன்னால் சர்வர்கள் செருகியிருக்கும் மின்பலகையோடு பேசி அந்த ப்ளக்கை மட்டும் அணைக்கும். எந்த ப்ளக்கில் எந்த சர்வர் என்று கோப்பில் நாம் எழுதி வைத்தால்தான் அதற்குத் தெரியும். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் பெரிய கணினிக் கூட்டங்களுக்காக எழுதியது இது. அதை 3 சர்வருக்கு வைத்துக்கொண்டது என் சோம்பேறித்தனம்.

டீமன் என்ற சொல்லின் வேர் கிரேக்க ‘டைமோன்’. கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவில் நிற்கும் ஒரு சக்தி. நல்லது கெட்டது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தோட்டத்து எல்லையில் மரத்தடியில் சுருட்டும் சேவலும் வாங்கிக்கொண்டு காவல் நிற்கும் முனி மாதிரி. தப்பான காரியத்தில் இறங்கும்போது தன்னைத் தடுக்கும் ஒரு குரல் உண்டு என்று சாக்ரட்டீஸ் சொன்னதும் இந்தச் சொல்லின் வழி வந்ததுதான். அதைப் பிசாசாக்கியது பின்னால் வந்த கிறிஸ்தவம்.

கணினிக்குள் அந்தச் சொல் வந்தது 1963இல், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில். அங்கே கணினி விஞ்ஞானி கார்பாட்டோவின் குழு அதை இயற்பியலிலிருந்து எடுத்தது. 1867இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் ஒரு கற்பனை செய்தார்: இரண்டு அறைக்கு நடுவே ஒரு சின்னக் கதவு, அங்கே ஒரு குட்டி வாயிற்காவலன், வேகமான மூலக்கூறை ஒரு பக்கமும் மெதுவானதை மறுபக்கமும் பிரித்து அனுப்பிக்கொண்டே இருக்கிறான். அவனுக்கு ‘டீமன்’ என்று பெயர் வைத்தவர் இன்னோர் இயற்பியலாளர், கெல்வின். யாரும் பார்க்காத இடத்தில் ஓயாமல் வேலை செய்யும் நிரலுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. டீமன் என்பது ஏதோ நாலு சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம் என்று சிலர் சொல்வார்கள். அது பின்னால் கட்டிவிட்ட கதை.

தமிழில் என்ன சொல்வது? ‘பேய்’ கூடாது, பூசாரி வந்துவிடுவார். ‘பின்னணிச் செயலி’ தப்பில்லை. ஆனால் போனில் பின்னணியில் ஓடும் பாட்டுக்கும் அது பொருந்தும்; காத்திருந்து பணி செய்யும் குணம் அதில் வரவில்லை. எனக்குப் பிடித்தது ‘ஏவல்’. இலக்கணத்தில் ஏவல் வினை கட்டளை. ஏவலாள் சொன்ன வேலையைச் செய்பவன். பில்லி, சூனியம், ஏவல் என்னும்போது கண்ணுக்குத் தெரியாமல் அனுப்பப்படுவது. கட்டளை, பணியாள், மறைந்திருக்கும் சக்தி மூன்றும் ஒரே சொல்லில். பேச்சில் டீமன் என்றே இருக்கட்டும். பரேடைப் பெரட்டு ஆக்கிக்கொண்ட தோட்டத்துத் தமிழுக்கு அதுவும் செரிக்கும்.

தம்பியிடம் சொன்னேன். “ஏவலா? எங்க பாட்டி பேயைவிட அதுக்குத்தான் பயப்படும்லா” என்றான். அதனால்தான் பின்னால் ஒரு ‘நிரல்’. இப்போது அந்தக் கணினியின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் அவன் கையெழுத்தில் இருக்கிறது: “கோப்பை மாற்றினால் ஏவல்நிரலை மறுபடி தொடக்கவும். மேற்கோள் குறி பார்க்கவும்.”