கிளேர்வாயண்ட்: சொல்லும் பொருளும்

கிளேர்வாயண்ட் என்பது பிரெஞ்சுச் சொல். 'கிளேர்' என்றால் தெளிந்த, 'வுவாயான்' என்றால் பார்க்கிற. இரண்டுக்கும் வேர் லத்தீனில் இருக்கிறது: கிளாருஸ், விதேரே. (வீடியோ என்ற சொல்லும் இந்த விதேரேயிலிருந்து வந்ததுதான்.) சேர்த்துப் படித்தால் 'தெளிவாகப் பார்ப்பவர்'. கண்ணுக்கெட்டாத தொலைவில் நடப்பதையும், மறைந்து கிடப்பதையும், இனி வரப்போவதையும் ஐம்புலன்களின் துணையில்லாமல் காண்பதாகச் சொல்பவரை இன்று இப்படி அழைக்கிறார்கள். பழைய ஐரோப்பாவின் புகழ்பெற்ற கிளேர்வாயண்ட்கள் என்று யாராவது பட்டியல் போட்டால் நாஸ்ட்ரடாமஸ், லண்டனின் ஜான் டீ, பாரிஸின் லா வுவாசன், ஸ்டாக்ஹோமின் உல்ரிகா ஆர்ஃவிட்ஸன் எல்லாரும் ஒரே வரிசையில் வந்து நிற்பார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் காலத்தில் இந்தச் சொல்லுக்கு இந்தப் பொருளே கிடையாது.

பிரெஞ்சில் இது முதலில் மாயமந்திரச் சொல் அல்ல. ஆளையும் காரியத்தையும் சரியாக எடைபோடுகிற கூர்மதியாளரை, எளிதில் ஏமாற்ற முடியாதவரை அப்படிச் சொன்னார்கள். இன்றைய பிரெஞ்சிலும் அந்தப் பொருள்தான் முன்னால் நிற்கிறது. குறி சொல்பவர் என்றால் வெறும் 'வுவாயான்', பெண்ணானால் 'வுவாயான்த்'. கார் டேஷ்போர்டில் எரிகிற எச்சரிக்கை விளக்குக்கும் வுவாயான் என்றே பெயர், பொருத்தமாகத்தான் இருக்கிறது. குறளில் வரும் 'மாசறு காட்சி' (352) இந்தப் பழைய பொருளோடு நன்றாக ஒட்டும். மயக்கம் நீங்கிய அறிவைப் பற்றிய பேச்சு அது. நாளை நடப்பதைப் பற்றியது அல்ல.

பொருள் திரும்பியது 1784இல். உடலில் ஓடும் ஒரு காந்த ஆற்றலைக் கொண்டு நோய் தீர்ப்பதாகச் சொன்ன மருத்துவர் மெஸ்மரின் 'காந்த சிகிச்சை' பாரிஸைக் கலக்கிக்கொண்டிருந்த நேரம். அவருடைய மாணவர் புய்செகூர் பிரபு, புஸான்ஸி என்ற ஊரில் விக்டர் ரேஸ் என்ற இளம் குடியானவனுக்கு அந்த வைத்தியத்தைச் செய்தார். அவன் தூக்கம் போன்ற ஒரு நிலைக்குப் போனான், ஆனால் பேசினான். தன் நோய் என்ன, மருந்து என்ன என்று அவனே சொன்னான். தூங்கிக்கொண்டே பார்க்கிறானே என்று வியந்தவர்கள் அந்த நிலையைத் 'தெளிவு' என்ற பொருள்படும் சொல்லால் குறித்தார்கள். அதே ஆண்டு விஞ்ஞானிகள் ஃபிராங்க்ளினும் லவாய்சியரும் இருந்த அரசக் குழு, காந்தமும் இல்லை ஒன்றும் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று அறிக்கை கொடுத்தது. அறிக்கை ஒரு பக்கம் கிடந்தது, நம்பிக்கை வளர்ந்தது. 1840களில் இந்தப் புதுப்பொருளோடு கிளேர்வாயண்ட் ஆங்கிலத்தில் நன்றாக வேரூன்றிவிட்டது. முந்தைய நூற்றாண்டுகளின் குறிசொல்லிகள் மீது அந்தப் பெயரை ஒட்டியது பின்னால் வந்தவர்கள்.

சரி, அவர்களை அன்று என்னவென்று அழைத்தார்கள்? பெரும்பாலும் செய்த தொழிலை வைத்துத்தான்.

இங்கிலாந்துக் கிராமங்களில் களவுபோன பொருளைக் கண்டுபிடிக்கவும், வைத்த சூனியத்தை எடுக்கவும், யாரை மணக்கலாம் என்று கேட்கவும் 'விவரம் தெரிந்தவரிடம்' போனார்கள். அவர் ஆணோ பெண்ணோ, பெயரில் இருந்தது அறிவு என்ற பொருள்தான். விஸார்ட் என்ற சொல்லே 'வைஸ்' என்ற அறிவுச் சொல்லிலிருந்து பிறந்தது. பளிங்கிலோ கண்ணாடியிலோ உருவம் பார்ப்பவருக்கு ஸ்கிரையர் என்று தனிப்பெயர். ஜான் டீ விஷயத்தில் இது முக்கியம். எலிசபெத் ராணியின் முடிசூட்டு நாளைக் (1559 ஜனவரி 15) குறித்துக் கொடுத்த இந்தக் கணித மேதைக்குக் கண்ணாடியில் எதுவும் தெரிந்ததில்லை என்றே சொல்லலாம். 1582இல் வந்து சேர்ந்த எட்வர்ட் கெல்லிதான் பார்த்தார். தேவதூதர்கள் சொன்னதாக அவர் சொன்னதை டீ எழுதிக்கொண்டார். ஆக டீயைக் கிளேர்வாயண்ட் என்பது இரட்டைப் பிழை. கெல்லியின் வேலைக்குத் தமிழில் தேட வேண்டியதே இல்லை, கையிலோ வெற்றிலையிலோ மை தடவிப் பார்ப்பது நமக்குத் தெரிந்த தொழில். மை பார்ப்பவர் என்று எழுதினால் போதும், அஞ்சனக்காரர் என்றாலும் சரி.

பிரான்ஸில் சொல் 'தெவான்', பெண்ணுக்கு 'தெவினரெஸ்'. தெய்வத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லே இதற்கும் மூலம். தெவினரெஸ் என்றதும் 17ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் நினைவுக்கு வந்தவர் லா வுவாசன். இயற்பெயர் கேத்தரின் தெஷே. கணவர் மோன்வுவாசன் வியாபாரத்தில் நொடித்துப்போக, கைரேகையும் முகக்குறியும் பார்த்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார். சீமாட்டிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். "என் கணவர் எப்போது சாவார்?" என்ற கேள்வி வந்தால், அது ஒருநாள் "சீக்கிரம் சாக ஏதாவது உண்டா?" என்று மாறும். குறியோடு வசிய மருந்தும், பிறகு நஞ்சும் விற்பனைக்கு வந்தது அந்த வழியில்தான். 1679 மார்ச்சில், பூசை முடிந்து தேவாலயத்திலிருந்து வெளியே வந்தபோது பிடித்தார்கள். போலீஸ் தலைவர் லா ரேனி நடத்திய விசாரணையில் பதினான்காம் லூயியின் காதலி மோந்தெஸ்பான் பெயர் வரை அடிபட்டது. அந்தப் பகுதி ஏடுகளை மன்னர் தனியாக வைத்திருந்து 1709இல் எரித்துவிட்டார். லா வுவாசன் 1680 பிப்ரவரி 22 அன்று பிளாஸ் த கிரேவ் சதுக்கத்தில் எரிக்கப்பட்டார். அந்த வழக்கு வரிசையில் மரண தண்டனை பெற்றவர்கள் 36 பேர். அவர் சிறையில் இருந்த 1679ஆம் ஆண்டிலேயே 'தெவினரெஸ்' என்ற நகைச்சுவை நாடகம் பாரிஸ் மேடையில் சக்கைப்போடு போட்டது. குறி சொல்வதெல்லாம் பித்தலாட்டம் என்பதே அதன் கதை.

1682இல் வந்த அரசாணையும் அதே தொனியில்தான் பேசுகிறது. குறிசொல்லிகள் நாட்டை விட்டுப் போக வேண்டும், நஞ்சு விற்பனைக்குக் கட்டுப்பாடு, அப்புறம் ஒரு சின்ன அடைமொழி: 'மந்திரம் எனப்படுவது'. மந்திரம் பலிக்கும் என்று அரசு இனி ஒப்புக்கொள்ளவில்லை. இங்கிலாந்தின் 1735ஆம் ஆண்டுச் சட்டமும் இப்படித்தான்: சூனியக்காரரைத் தூக்கிலிடுவது நின்றது, சூனியம் செய்வதாகப் பாசாங்கு செய்பவருக்கும் குறி சொல்பவருக்கும் ஓராண்டுச் சிறை. எனக்கு இந்த இரண்டு சட்டங்களும் எந்த அகராதியைவிடவும் உதவியாக இருக்கின்றன. சாத்தானோடு உறவு வைத்தவராக இருந்த குறிசொல்லி, காசு பறிக்கும் ஏமாற்றுக்காரர் ஆனது இங்கே தெரிகிறது.

ஸ்வீடனில் குறிசொல்லும் பெண் 'ஸ்போக்வின்னா'. அவர்களில் பெயர்பெற்றவர் உல்ரிகா ஆர்ஃவிட்ஸன் (1734–1801). காபி வண்டலில் பார்த்துச் சொல்வார். காபியையே அடிக்கடி தடைசெய்த நாட்டில் இது வேடிக்கைதான். மூன்றாம் குஸ்தாவ் மன்னர் மாறுவேடத்தில் இவரிடம் வந்து எச்சரிக்கை பெற்றார் என்பது ஊர்ப் பேச்சு. 1792 மார்ச் 16 இரவு முகமூடி நடனத்தில் மன்னர் சுடப்பட்டது வரலாறு. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 1859ஆம் ஆண்டு இசைநாடகத்தில் உல்ரிகா என்ற பாத்திரமாகவே இவர் வருகிறார்.

நாஸ்ட்ரடாமஸுக்கு வருவோம். தமிழ்ப் பத்திரிகைகள் அவரைத் தயங்காமல் தீர்க்கதரிசி ஆக்கிவிட்டன. சொல்லளவில் பொருந்தும்: தீர்க்கம் நீளம், தரிசி காண்பவர். ஆனால் தமிழில் அந்தச் சொல்லை விவிலியம் எடுத்துக்கொண்டு இறைவாக்கு உரைப்பவருக்கு உரியதாக்கிவிட்டது. 1555இல் லியோனில் அச்சான தன் நூலின் முன்னுரையில், மகன் சேசாருக்கு எழுதுவதுபோல், அவ்வளவு உயர்ந்த பட்டம் எனக்கு வேண்டாம் என்றே நாஸ்ட்ரடாமஸ் ஒதுங்குகிறார். மருத்துவர், பஞ்சாங்கம் போட்டவர், வானத்துக் கோள்களை வைத்துக் கணித்தவர். கணியர் என்ற பழந்தமிழ்ச் சொல் அவருக்கு அளவெடுத்ததுபோல் இருக்கிறது. நிமித்திகர் என்பது வேறு. அது சகுனமும் குறியும் கண்டு சொல்பவருக்கு. இளங்கோ அரசாள்வான் என்று சொன்னவர் அந்த வகை.

சீட்டுக்கு மட்டும் ஒரு வரி. பாரிஸின் அலியெத் என்பவர் தன் பெயரைத் தலைகீழாக்கி எத்தேயா என்று வைத்துக்கொண்டு 1770இல் சீட்டுக் குறிக்கு நூல் எழுதினார். நெப்போலியனின் மனைவி ஜோசபினுக்குக் குறி சொன்னதாகப் பேர்பெற்ற லெனோர்மான் அம்மையார் (1772–1843) பெயரில் இன்று விற்கும் சீட்டுக்கட்டு, அவர் இறந்தபின் வந்தது. அதன் மூலம் ஒரு ஜெர்மானிய விளையாட்டு.

கிளேர்வாயண்டுக்கு நேர்ச்சொல் என்ன? பொதுவாகக் காசுக்குப் பலன் சொல்பவர் என்றால் குறிசொல்லி. சங்க காலத்துக் கட்டுவிச்சி அழகான சொல், ஆனால் அது நெல்லைப் பரப்பிக் குறி பார்த்த பெண்ணுக்கு உரியது, லா வுவாசனுக்குச் சூட்ட மனம் வரவில்லை. உண்மையில் புலன் கடந்து காண்பதாகக் கருதப்பட்டவர் என்றால் ஞானதிருஷ்டிக்காரர். இது புதிதும் அல்ல. பழைய தமிழ் விவிலியத்தில் சாமுவேல் முதல் நூல் 9:9, தீர்க்கதரிசிக்கு முற்காலத்தில் ஞானதிருஷ்டிக்காரன் என்று பெயர் என்கிறது. வடசொல் வேண்டாம் என்பவர் அகக்காட்சியர் எனலாம். 'தெளிகாட்சியர்' என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் குறளின் பொருள்தான் முன்னால் வரும், குறிசொல்லி வரமாட்டார்.

ஞானதிருஷ்டிக்காரர் என்ற பெயர் ஐரோப்பியர்களில் நன்றாகப் பொருந்துவது ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஸ்வீடன்போர்குக்கு. 1759இல் கோத்தன்பர்க் விருந்தொன்றில் இருந்தபடியே, ஏறத்தாழ 400 கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்டாக்ஹோம் எரிகிறது, தீ என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி நின்றது என்று சொன்னாராம். இதை விசாரித்துக் கடிதத்தில் எழுதியவர் தத்துவஞானி காண்ட். அவரே 1766இல் பெயர் போடாமல் ஒரு கேலி நூல் வெளியிட்டார். அதில் ஸ்வீடன்போர்குக்கு அவர் கொடுத்த பட்டம் 'ஆவி காண்பவர்'.