மணிக்கட்டு ஒடிந்தால் பிளேட்டா, கம்பியா, வெறும் மாவுக்கட்டா?

வழுக்கி விழும்போது யாரும் யோசித்து விழுவதில்லை. கை தானாக முன்னால் போய் ஊன்றிக்கொள்கிறது, உடம்பின் பாரம் முழுக்க உள்ளங்கை வழியாக ஏறுகிறது, மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஆரை எலும்பு முறிகிறது. உடைந்த துண்டு புறங்கைப் பக்கமாகச் சாய்ந்துவிட்டால் கை கவிழ்த்து வைத்த முள்கரண்டி போல வளைந்து நிற்கும்.

1814இல் டப்ளினில் ஆபிரகாம் காலிஸ் என்ற அறுவை மருத்துவர் இந்த முறிவை விவரித்து எழுதினார். கோணல் கடைசிவரை இருக்கும், ஆனால் காலம் போகப்போக வலி நீங்கிக் கை தாராளமாக இயங்கும் என்பது அவர் கருத்து. எக்ஸ்ரே வந்தது 1895இல்தான். அதற்கப்புறம் கோணல் படத்தில் பளிச்சென்று தெரிய ஆரம்பித்தது, அதை நேராக்குவதே வைத்தியத்தின் குறியாகவும் ஆனது.

நேராக்கிய எலும்பை அப்படியே நிறுத்திவைக்க மூன்று வழிகள் உண்டு. மாவுக்கட்டு போடலாம். தோல் வழியாகவே மெல்லிய கம்பிகளைச் செருகி, சில வாரம் கழித்து உருவி எடுக்கலாம். அல்லது உள்ளங்கைப் பக்கம் கீறி, உலோகத் தகடு வைத்துத் திருகாணி முடுக்கலாம், இதைத்தான் பிளேட் என்கிறோம். 2000க்குப் பிறகு பிளேட் மளமளவென்று பரவியது. பரவியதில் ஆச்சரியமில்லை, ஆபரேஷன் முடிந்து எடுக்கும் எக்ஸ்ரே அவ்வளவு அழகாக இருக்கும்.

ஆனால் படம் அழகாக இருந்தால் கை நன்றாக வேலை செய்யும் என்று எப்படிச் சொல்வது? டாக்டரின் அனுபவத்தை மட்டும் கேட்டால் போதாது. மணிக்கட்டு முறிவுகளில் பெரும்பாலானவை எதைச் செய்தாலும் ஓரளவு தேறிவிடும், அதனால் பிளேட் வைப்பவர் பிளேட்டால் தேறியது என்பார், கட்டு போடுபவர் கட்டால் தேறியது என்பார், இருவருமே நேர்மையாகத்தான் சொல்வார்கள். பழைய கோப்புகளைப் புரட்டி ஒப்பிட்டாலும் சரிவராது, ஏனென்றால் இளவயதுக்காரருக்கு பிளேட், எண்பது வயதுப் பாட்டிக்கு கட்டு என்று முதலிலேயே ஆள் பார்த்துப் பிரித்திருப்பார்கள்.

இதற்கு வழி, சீட்டுக் குலுக்கல்தான். பிரிட்டனில் டிராஃப்ட் என்ற ஆய்வில் 461 பேரை, கம்பியா பிளேட்டா என்று இப்படித்தான் பிரித்தார்கள். குலுக்கலுக்கு வயது தெரியாது, எலும்பின் உறுதி தெரியாது, எந்த டாக்டருக்கு எது பிடிக்கும் என்றும் தெரியாது, ஆகவே இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்கள் சேருவார்கள். ஒரு வருடம் கழித்து, எக்ஸ்ரேயை முக்கிய அளவுகோலாக வைக்காமல், அவர்களிடமே கேட்டார்கள். 15 கேள்விகள், மொத்தம் 100 புள்ளி, அதிகமானால் கஷ்டம் அதிகம். கதவுக் குமிழைத் திருப்ப முடிகிறதா, சட்டைப் பொத்தான் மாட்ட முடிகிறதா, நாற்காலியில் கை ஊன்றி எழ முடிகிறதா என்பது போன்ற கேள்விகள். இந்த ஆய்வில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், கை யாருடையதோ அவரிடம் கேட்பது.

2014இல் முடிவு வந்தது. பிளேட் வைத்தவர்களின் சராசரி 13.9, கம்பி வைத்தவர்களின் சராசரி 15.3. குறைந்தது 6 புள்ளியாவது வேறுபட்டால்தான் நோயாளிக்கு அது உறைக்கும் என்று முன்னாடியே முடிவு செய்து வைத்திருந்தார்கள், இது அதன் பக்கத்தில்கூட வரவில்லை. அங்கே பிளேட் வைப்பது அதற்குப் பிறகு குறைந்தது.

சரி, கம்பியாவது அவசியமா? அடுத்த ஆய்வில் 500 பேர். எல்லோருக்கும் ஆபரேஷன் அறையில் எலும்பை நேராக்கிய பிறகு, ஒரு பாதிக்குக் கம்பி, மறு பாதிக்கு எலும்பைப் பிடித்து நிறுத்தும் விதமாக வார்த்த மாவுக்கட்டு மட்டும். 2022இல் வெளியான முடிவில் ஒரு வருடக் கணக்கு: கட்டு 21.2, கம்பி 20.7. ஒன்றேதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் கட்டு மட்டும் போட்டவர்களில் 33 பேருக்கு, அதாவது 13 சதவீதம் பேருக்கு, ஆறு வாரத்துக்குள் எலும்பு நகர்ந்து ஆபரேஷன் தேவைப்பட்டது. கம்பிப் பக்கம் மறு ஆபரேஷன் ஒருவருக்குத்தான்.

அந்த 33 பேரைக் கம்பிக் கணக்கில் மாற்றி எழுதவில்லை, கட்டுக் கணக்கிலேயே வைத்தார்கள். நகர்ந்தவர்களைக் கழித்துவிட்டால் கட்டு போட்ட பக்கத்தில் நன்றாகப் போனவர்கள் மட்டும் மிஞ்சி, கட்டு உண்மையைவிட நல்லதாகத் தெரிந்திருக்கும். ஆக, ஒப்பிட்டது வெறும் கட்டையும் கம்பியையும் அல்ல, 'முதலில் கட்டு போட்டுப் பார்ப்போம், நகர்ந்தால் ஆபரேஷன் செய்வோம்' என்ற முடிவையும் 'இப்போதே கம்பி செருகுவோம்' என்ற முடிவையும். எட்டுப் பேரில் ஒருவருக்கு இரண்டாவது முறை ஆபரேஷன் அறைக்குப் போகவேண்டி வரும், மற்ற ஏழு பேர் கம்பியே இல்லாமல் தப்பிப்பார்கள்.

இதெல்லாம் தோலைப் பெரிதாகக் கிழித்து வெளியே வந்த எலும்புக்கோ, கீறித் திறக்காமல் மூட்டுப் பரப்பைச் சேர்க்க முடியாத அளவு நொறுங்கியதற்கோ பொருந்தாது. அவர்களை இந்த ஆய்வுகளில் சேர்க்கவே இல்லை. மற்றபடி, கட்டு போட்ட பிறகு ஒரு வாரம் கழித்து வந்து திரும்பவும் எக்ஸ்ரே எடுங்கள் என்று டாக்டர் சொன்னால், வலி இல்லையே என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். அந்த எட்டில் ஒருவர் நீங்களா என்று அந்தப் படத்தில்தான் தெரியும்.