பெரிய டீம் கவிழ்வது எப்படி?

சின்ன வயதிலிருந்தே பாஸ்கெட்பால் பார்க்கிறேன். அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் பேர் தெரியாத டீம்கள் பெரிய டீம்களைச் சாய்ப்பது மாதிரி என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் ஏன் அடிக்கடி நடப்பதில்லை என்று கேட்டால், "கல்லூரிப் பசங்க உயிரைக் கொடுத்து ஆடுறாங்க" என்பார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். பாதிக்கு மேல் அது வெறும் கணக்கு.

2018 மார்ச், சார்லட் நகரம். கல்லூரிப் போட்டியில் டீம்களைப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் பலத்தை வைத்து 1 முதல் 16 வரை முன்கூட்டியே நிலை தருவார்கள். எல்லா டீம்களுக்கும் மேலே வைக்கப்பட்ட வர்ஜீனியாவோடு மோதியது, 16ஆம் நிலையில் இருந்த யு.எம்.பி.சி. என்ற பல்கலைக்கழக டீம். ஆண்கள் போட்டியில் அதுவரை முதல் நிலை டீம்களோடு மோதிய 135 முறையும் 16ஆம் நிலை டீம்கள் தோற்றிருந்தன. பாதி ஆட்டத்தில் 21-21. முடிவில் 74-54, ஜெயித்தது யு.எம்.பி.சி!

என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம், 24 விநாடிக்குள் ஷாட் போட வேண்டும். கல்லூரியில் 40 நிமிடம், 30 விநாடி. அதனால் என்.பி.ஏ.வில் ஒரு டீமுக்குச் சுமார் 100 முறை பந்து கிடைத்தால் கல்லூரியில் 70 முறைதான். காசை 10 தடவை சுண்டி 7 தலை விழுந்தால் யாரும் அசர மாட்டோம், 1000 தடவையில் 700 விழுந்தால் காசையே சந்தேகப்படுவோம். வாய்ப்பு குறையக் குறைய அதிர்ஷ்டத்தின் கை ஓங்கும். வர்ஜீனியாவோ நிதானமாக ஆடி அந்த வாய்ப்புகளை இன்னும் குறைக்கிற டீம். அன்று மூன்று புள்ளி ஷாட்டில் யு.எம்.பி.சி. 24க்கு 12 போட்டது, வர்ஜீனியா 22க்கு 4. அந்த வித்தியாசம் மட்டுமே 24 புள்ளி.

அப்புறம் தொடர். எந்த ஆட்டத்திலும் 70% வெற்றி வாய்ப்புள்ள ஒரு டீமை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக் கோப்பைக்கு ஒன்றில்கூடத் தோற்காமல் வரிசையாக 6 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். அதற்கு வாய்ப்பு வெறும் 12%. அதே டீம் என்.பி.ஏ. மாதிரி, முதலில் 4 ஆட்டம் ஜெயிப்பவருக்கே வெற்றி என்ற 7 ஆட்டத் தொடர் ஆடினால், தொடரை வெல்ல 87%. நான்கு தொடரையும் வென்று கோப்பை தூக்க 58%.

அதனால்தான் 2007 என்.பி.ஏ. தொடர் ஒன்றில், அந்த சீசனில் 67 ஆட்டம் ஜெயித்து வந்த டாலஸை கோல்டன் ஸ்டேட் 4-2 என்று வீழ்த்தியதை அதிர்ஷ்டம் என்று நான் ஒதுக்க மாட்டேன். கோல்டன் ஸ்டேட் கோச் டான் நெல்சன் முன்பு டாலஸின் கோச், அந்த டீமின் நெளிவுசுளிவு அவருக்கு அத்துப்படி.

யார் நிஜமாகவே சிறந்த டீம் என்று தெரிய என்.பி.ஏ.தான் சரி. ஆனால் மார்ச் வந்தால் என் மனசு கல்லூரிப் பக்கம்தான்.

வர்ஜீனியா அடுத்த ஆண்டே கோப்பையை வென்றது. அதே கோச், அதே நிதானம். ஆனால் அரையிறுதிக்குப் போகும் ஆட்டத்தில் பர்டூவிடம் 2 புள்ளி பின்தங்கி, மணி ஒலிக்கிற நேரத்தில் வர்ஜீனியா வீரர் மமாடி டியாகிடே கையை விட்டுப் பந்து கிளம்பியது. அது விழுந்ததால்தான் ஓவர்டைமே கிடைத்தது.