எடை ஏறினால் தாடை உறுதிப்படுமா?

குத்துச்சண்டையில் அடி தாங்கும் திறனைத் தாடையின் உறுதி என்று சொன்னால், மேல் எடைப் பிரிவுக்குப் போகும் வீரருக்கு அது கூடுமா என்பதே இங்கே கேள்வி. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் எடைப் பிரிவு வைத்து நடத்தப்படும் கபடிப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் தெரிந்திருக்கும். வரம்பைவிட ஒன்றிரண்டு கிலோ கூடுதலாக இருக்கும் ஆட்டக்காரர், முந்தின இரவுச் சோற்றைத் தவிர்த்து, தண்ணீரைக் குறைத்து, விடியற்காலையில் தடித்த சட்டையோடு ஓடி வியர்வையாக எடையை இறக்கிவிட்டுத் தராசில் ஏறுவார். இதே பழக்கம் குத்துச்சண்டையில் இன்னும் கடுமையாக இருக்கிறது. ஒரு குத்துச்சண்டை வீரர் மேல் எடைப் பிரிவுக்குப் போன பிறகு முன்னைவிட அடி தாங்குகிறார் என்றால், அதற்கான முதல் காரணத்தை இந்தப் பழக்கத்தில்தான் தேட வேண்டும் என்பது என் கருத்து.

பிலிப்பைன்ஸ் வீரர் மேனி பாக்கியாவின் கதை இதற்குப் பொருத்தமானது. 1998 டிசம்பரில் 50.8 கிலோ பிரிவில் உலகப் பட்டம் வென்ற அவர், 1999 செப்டம்பரில் தாய்லாந்தில் அதைக் காக்கச் சென்றபோது எடை வரம்புக்குள் வர முடியாமல், சண்டைக்கு முன்பே தராசில் பட்டத்தை இழந்தார். சண்டையிலும் 3-வது சுற்றில் உடலில் விழுந்த ஒரு குத்தில் வீழ்ந்தார். வளர்ந்துகொண்டிருந்த இருபது வயது உடலை ஒரு சிறுவனின் எடைக்குள் அடக்க முயன்றதன் விளைவு அது. பிறகு இடையிலிருந்த இரண்டு பிரிவுகளைத் தாண்டி 55.3 கிலோ பிரிவுக்குப் போனவர், 2001 ஜூனில் தென்னாப்பிரிக்காவின் லெட்வாபாவை 6-வது சுற்றில் வென்று அங்கும் உலகப் பட்டம் பெற்றார். எடை கூடிய எதிரிகளிடம், எடை குறைந்தவர்களிடம் விழுந்ததைவிட உறுதியாக நின்றார்.

தண்ணீர் இழந்த உடலில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது புரியும். உடல் எடையில் இரண்டு சதவீத அளவுக்கு நீர் குறைந்தாலே, அதாவது 52 கிலோ எடையுள்ளவர் ஏறத்தாழ ஒரு லிட்டர் இழந்தாலே, இரத்தத்தின் நீர்ப்பகுதி சுருங்கி, அதே வேலைக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. வியர்த்து உடலைக் குளிர்விக்கும் திறனும் குறைகிறது. தசையில் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருப்பதால், பட்டினி கிடந்து எடை இறக்குபவர், கடைசிச் சுற்றுகளுக்கு வேண்டிய எரிபொருளையும் சேர்த்தே இறக்கிவிடுகிறார். தொழில்முறைக் குத்துச்சண்டையில் பெரும்பாலும் சண்டைக்கு முந்தின நாளே எடை பார்த்துவிடுவார்கள் என்பதால் அந்த இடைவெளியில் எடை திரும்பிவிடுகிறது. ஆனால் குடித்த நீர் வயிற்றிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து செல்களுக்கும் போய்ச் சேர்வது தராசு முள் ஏறுவதைப் போல விரைவாக நடப்பதில்லை. 1997-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை இறக்கும் முயற்சியில் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். இதைப் படிக்கும் பயிற்சியாளர்கள் அந்தச் செய்தியைத் தங்கள் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே மேல் பிரிவுக்குப் போகிறவருக்குப் புதிய வலிமை வந்து சேர்வதைவிட, இருந்த வலிமை வீணாகாமல் மிஞ்சுகிறது என்று சொல்வதே சரி. ஆனால் அந்த ஆதாயத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை தலையில் இருக்கிறது.

மானாமதுரைக் குடம் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, அதைச் சட்டென்று கால் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். குடம் திரும்பிவிடும், உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரு கணம் பழைய நிலையிலேயே நிற்கும். தாடையின் ஓரத்தில் விழும் குத்து தலைக்குச் செய்வதும் இதுதான். தாடை நெம்புகோலாகி மண்டையோட்டைச் சுழற்றுகிறது, ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள, மூளைத் தண்டுவட நீரில் மிதக்கும் மூளை அந்தச் சுழற்சியில் பின்தங்குவதால், அதன் நரம்பிழைகள் முறுக்கப்பட்டு இழுபடுகின்றன. நினைவு தப்புவது பெரும்பாலும் இந்தச் சுழற்சியால்தான்; நேராகப் பின்னோக்கித் தள்ளும் அடியைவிடப் பக்கவாட்டில் தலையைத் திருப்பும் அடி ஆபத்தானது என்று பயிற்சியாளர்கள் அனுபவத்தில் அறிந்தது இதைத்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது, 50 கிலோ மனிதருக்கும் 90 கிலோ மனிதருக்கும் மூளையின் எடை ஏறத்தாழ ஒன்றே என்பது. உடல் பெருத்தாலும் குடம் பெருப்பதில்லை. மாறாக, அதன்மீது விழும் கையுறைக்குப் பின்னால் இருக்கும் உடல் பெருத்துவிடுகிறது. தொடையிலும் இடுப்பிலும் ஐந்து கிலோ தசை போட்டவருக்குத் தான் அடிக்கும் அடியில் அது உதவலாம், ஆனால் வாங்கும் அடியில் ஏறத்தாழ எந்த உதவியும் இல்லை. கழுத்திலும் தோள்பட்டைக்கு மேலும் சேரும் தசை மட்டும் இதற்கு விலக்கு: அடி வருவதை முன்கூட்டியே கண்டு கழுத்தை இறுக்கிக்கொண்டால், ஐந்து கிலோவுக்குள் இருக்கும் தலை தனித்து ஆடாமல் உடலோடு சேர்ந்து நகர்கிறது, அதனால் சுழற்சியின் வேகம் குறைகிறது. காணாத குத்துதான் வீழ்த்தும் என்பதற்கும் இதுவே காரணம். பாக்கியாவ் 2012 டிசம்பரில் மெக்சிகோவின் மார்க்கெஸிடம் 6-வது சுற்றில் வீழ்ந்தது, எதிரியை நோக்கித் தானே பாய்ந்துகொண்டிருந்தபோது எதிர்ப்பட்ட ஒரு குத்தில். இரண்டு உடல்களின் வேகமும் அந்த ஒரு தாடையில் கூடின.

அடிக்கும் பக்கத்திலும் கணக்கு எளிதல்ல. தசையின் விசை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, எடையோ பருமனைப் பொறுத்தது. ஒரே வடிவில் பெரிதாகும் உடலின் எடை ஏறத்தாழ 38 சதவீதம் கூடினால் விசை ஏறத்தாழ 24 சதவீதம்தான் கூடும். 50.8 கிலோவுக்கும், பாக்கியாவ் தம்முடைய எட்டாவது பிரிவில் பட்டம் வென்ற 69.9 கிலோவுக்கும் இடையே உள்ள விகிதம் அவ்வளவுதான். எதிரிகளுக்கும் இதே விதி பொருந்துவதால், தம் எடைக்கு ஏற்ற விசை அவர்களுக்குக் குறைவு. கீழிருந்து வருபவரின் வேகம் அங்கே வெளிப்படுகிறது. 2010 நவம்பரில் அந்த எட்டாவது பட்டத்துக்காக மார்கரிட்டோவை எதிர்கொண்டபோது பாக்கியாவ் தராசில் ஏறத்தாழ 65.6 கிலோ, எதிரி 68 கிலோ. வரம்பு வரை அவர் எடையை ஏற்றிக்கொள்ளவில்லை. வேகத்தையும் கால் நகர்வையும் காத்துக்கொண்டு, அடி வாங்காமல் இருப்பதையே தம் தாங்குதிறனாக்கிக்கொண்டார். நம் மேரி கோமும் 2012 லண்டன் ஒலிம்பிக்கில், பெண்களுக்கு 51 கிலோவுக்குக் கீழே பிரிவே இல்லாததால், 48 கிலோவில் உலகச் சாம்பியனாக இருந்த நிலையிலிருந்து மேலேறி, தம்மைவிட இயல்பாகவே பெரியவர்களிடையே வெண்கலம் வென்றார்.

மேலே போவதைவிடத் திரும்பி இறங்குவது கடினம் என்பதற்கு அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ராய் ஜோன்ஸ் சான்று. 79.4 கிலோ பிரிவின் தலைசிறந்த வீரராயிருந்த அவர், 2003 மார்ச்சில் ஏறத்தாழ 87.5 கிலோ எடையோடு, தம்மைவிடப் பதினைந்து கிலோ கூடுதலான ரூயிஸை வென்று கனஎடைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு நவம்பரில், சேர்த்த தசையைக் கரைத்துப் பழைய பிரிவுக்கு இறங்கி டார்வரை நடுவர்களின் பெரும்பான்மைத் தீர்ப்பில் வென்றார். 2004 மே மாதம் அதே டார்வர் அவரை 2-வது சுற்றில் வீழ்த்தினார். நான்கு மாதங்களில் கிளென் ஜான்சனிடமும் வீழ்ந்தார். அப்போது அவருக்கு 35 வயது, வயதுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் டார்வரிடம் விழும் வரை, தொழில்முறைச் சண்டை எதிலும் அவர் அடிபட்டு நிறுத்தப்பட்டதே இல்லை.